டாக்டர் சபேசன் தேடிய மூளை

போன மாதம் பழைய லேப் டெக்னீஷியன்கள் சிலர் ஒன்றாகச் சாப்பிட்டோம். இப்போது வேலையில் இருக்கிற பெண் ஒருத்தி, தங்கள் லேபில் எல்லா பாட்டிலுக்கும் பார்கோடு ஒட்டுவதாகப் பெருமையாகச் சொன்னாள். "இனிமே சாம்பிள் மாறிப்போச்சுங்கிற பேச்சுக்கே இடமில்லை மேடம்." நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு முகம் சுருங்கியது. "அப்ப நீங்க உங்க காலத்துல எப்படி மாத்தாம இருந்தீங்கன்னு எழுதிக் குடுங்க, நாங்க படிக்கிறோம்" என்றாள். மாற்றாமல் இருந்தோம் என்று யார் சொன்னது? மாறியது. அதைக் கண்டுபிடித்த ஆளுக்குத் தண்டனையும் கொடுத்தோம். அதைத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் சரோஜா. வீட்டில் பேசியது சௌராஷ்டிரம், பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ், லேபில் எழுதியது இங்கிலீஷ். மூன்றிலும் தடுமாற மாட்டேன் என்று எனக்கொரு கர்வம் உண்டு. டெக்னீஷியன் படிப்பு ஓராண்டு. அதில் கற்றதில் பாதியை வேலையில் சேர்ந்த முதல் மாதமே மறக்கச் சொன்னார்கள். எழுபதுகளின் நடுவில், ஆற்றுக்கு வடக்கே ஓர் அறக்கட்டளை நடத்திய நரம்பு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரியும் இப்போது இல்லை, கட்டடமும் இல்லை. பெயர் வேண்டாம்.

பின்பக்கத்தில் இரண்டு அறைதான் எங்கள் லேப். ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர்களின் உறவினர் சம்மதித்தால் மூளையை எடுத்து என்ன நோய் என்று பார்ப்போம். அதற்கு டைரக்டர் டாக்டர் சபேசன், டெக்னீஷியன் நான், அட்டெண்டர் வீரணன். ஆள் இவ்வளவுதான்.

டாக்டர் சபேசன் யாரையும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை கூடும். சாதாரண நாளில் "சரோஜா, இங்க வாம்மா" என்பார். தப்பு செய்துவிட்டால் "சரோஜா அவர்கள் கொஞ்சம் வர முடியுமா" என்பார். உச்சக் கோபத்தில் ஒரே சொல்தான், "நல்லது." அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறும்வரை யாரும் மூச்சு விட மாட்டோம். இன்னொன்று, அவர் கையெழுத்து. மழையில் நனைந்த எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். சீட்டு சீட்டாக எழுதி பக்கெட்டில் ஒட்டுவார். ஆஸ்பத்திரி முழுக்க அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், வீரணன்.

வீரணன் அண்ணனுக்கு உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு ஊர். வானம் பார்த்த பூமி, இரண்டு ஏக்கர். எட்டாவது வரை படித்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அட்டெண்டராக வந்தவர் கையில் கத்தி எப்படி ஏறியது என்று எனக்குத் தெரியாது. நான் போனபோதே டாக்டர் அவரைத்தான் வெட்டச் சொல்வார்.

மூளை என்பது எடுத்த புதிதில் கெட்டித் தயிர் மாதிரி. அப்படியே பாத்திரத்தில் வைத்தால் தன் கனத்தில் தானே சப்பிப்போகும். அதனால் அடிப்பக்கத்து ரத்தக்குழாயின் கீழே ஒரு நூலைக் கோத்து, ஃபார்மலின் நிரம்பிய பக்கெட்டில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். நூல் இறுகினால் குழாய் அறுந்துவிடும், தளர்ந்தால் மூளை பக்கெட்டின் அடியில் போய் உட்காரும். அண்ணன் நூலைப் போட்டுவிட்டுப் பக்கெட்டை லேசாக ஆட்டிப் பார்ப்பார், தூளியில் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. இரண்டு மூன்று வாரத்தில் அது நன்றாக வெந்த முட்டை மாதிரி கெட்டிப்படும். பிறகு ஓடும் தண்ணீரில் அலசி, நீளக் கத்தியால் ஒரே இழுப்பு. அறுக்கக் கூடாது, இழுக்க வேண்டும். அறுத்தால் கோடு விழும். அண்ணன் வெட்டிய பரப்பில் ஒரு கோடு நான் பார்த்ததில்லை.

அவருக்குப் படிக்க வராது என்று எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆனது. வாசலில் யாரோ கொடுத்துவிட்டுப் போன கடிதத்தை "என்ன போட்டிருக்குண்ணே" என்று கேட்டேன், துண்டுகளை மெழுகில் பதித்துக்கொண்டிருந்ததில் என் கை மெழுகாக இருந்தது. அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நெற்றி வேர்த்துவிட்டது.

"நிக்க மாட்டேங்குது தங்கச்சி" என்றார்.

"எது?"

"எழுத்துதான். ஒண்ணொண்ணாப் பாத்தா இன்னதுன்னு தெரியுது. சேத்துப் பாத்தா ஓடிப்போகுது. எட்டு வருசம் வாத்தியாரு அடிச்சுப் பாத்தாரு. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான். எருமை மாட்டுச் சென்மம்னு எங்கய்யா மூக்கணாங்கயித்தைக் கழுத்துல போட்டு விட்டாரு."

"அப்ப டாக்டர் சீட்டை மட்டும் எப்படிப் படிக்கிறீங்க?"

"அதுல எங்க எழுத்து இருக்கு? அது படம்ல. ஒவ்வொரு சீட்டும் ஒரு கிறுக்கல். கிறுக்கலை அடையாளம் வச்சுக்கிருவேன்."

அன்றிலிருந்து அவர் ரெஜிஸ்டரை நான் எழுத ஆரம்பித்தேன். அவர் பார்த்ததைச் சொல்வார், நான் எழுதுவேன், கீழே அவர் கையெழுத்தைப் பாம்பு வரைகிற மாதிரி வரைவார். பெரிய உதவி செய்வதாக நினைப்பு எனக்கு. அவருக்குத் தெரிந்ததை எல்லாம் என் கையெழுத்தில் என் இங்கிலீஷில் எழுதி, பார்த்தவர்கள் எல்லாம் "சரோஜா கெட்டிக்காரி" என்று சொல்லும்படி ஆகிவிட்டது என்பது அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் விட்டிருப்பேனா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் டாக்டர் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்குள் வந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. டிஸ்லெக்ஸியா என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். நல்ல புத்தி, நல்ல கண், ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஆனாலும் வயது வந்தபிறகும் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாமல் திணறுகிறவர்கள். அப்படிப்பட்ட ஒருவர் இறந்தபிறகு மூளையை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"காதுக்குப் பக்கத்து மடலைத் திறந்தா மேல்பக்கம் ஒரு சின்ன மேடை தெரியும். மொழிக்கு முக்கியமான இடம்" என்று ஒரு மூளையைக் கையில் வைத்துக் காட்டினார். "நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கத்து மேடை பெரிசு, வலப்பக்கம் சின்னது. அந்த ஆளுக்கு ரெண்டும் சமம். அது மட்டுமில்லை, இருக்க வேண்டிய அடுக்கில் இல்லாமல் செல்கள் அங்கங்கே இடம் மாறி உட்கார்ந்திருக்கு. பிறக்கும்போதே அப்படி. சோம்பேறித்தனம் இல்லை சரோஜா, கட்டுமானம்."

வீரணன் அண்ணன் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். டாக்டர் மூளையை அவர் தட்டில் திரும்ப வைத்தார்.

அதன்பிறகு எங்கள் லேபில் இருந்த மூளை எல்லாவற்றுக்கும் அந்த மேடையை அளப்பதே வேலை. அண்ணன் மடலைத் திறந்து கொடுப்பார். நான் டிரேசிங் பேப்பரை வைத்து ஓரத்தை வரைந்து, வரைந்ததைக் கிராஃப் தாளில் போட்டுக் கட்டங்களை எண்ணுவேன். பாதிக்கு மேல் இருக்கிற கட்டம் முழுசு, பாதிக்குக் கீழே இருந்தால் விட்டுவிடு. எண்ணி எண்ணிக் கனவிலும் கட்டம் வந்தது. அண்ணன் கத்தியை வைக்கும் முன்பே மடிப்பைப் பார்த்து "இவருக்கு இடம் பெரிசு", "இவருக்கு அம்புட்டு வித்தியாசம் இருக்காது" என்பார். எண்ணி முடித்தால் அப்படியே இருக்கும்.

இயல்பான மூளைகள் சேர்ந்தன. டாக்டருக்கு வேண்டியது மற்றது. பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கடிதம் எழுதினார். ரோட்டரிக் கூட்டம், ஆசிரியர் கூட்டம் என்று போய்ப் பேசினார். "படிக்க வராத வாத்தியார் இருக்கிறாரா, வக்கீல் இருக்கிறாரா" என்று கேட்டால் யார் கையைத் தூக்குவார்கள்? ஒருவர்கூட வரவில்லை. கடைசியில் சலித்துப்போய் ஒருநாள் சொன்னார்: "நம்ம ஊர்ல இது இல்லை போலிருக்கு. இங்க படிச்சவன் படிச்சவன், படிக்காதவன் படிக்காதவன்."

அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது நான் கேட்டேன். "அண்ணே, அவர் தேடுற ஆள் நீங்கதான்னு தோணலையா?"

"தோணாம என்ன. அவரு காட்டுன அன்னைக்கே தெரிஞ்சு போச்சு."

"சொல்லிருவோமா?"

"சொன்னா என்ன கேப்பாரு?"

"மூளையைக் கேப்பாரு."

"இப்பவேவா?" என்று கேட்டுவிட்டு ஊறுகாயை நக்கினார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "எனக்கு டெக்னீசியன் வேலைக்கு எழுதிப் போட்டிருக்காக தங்கச்சி. எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும்னு அதுல முதல் விதி. நீங்க படிச்சுச் சொன்னதுதான். வாயைத் தொறந்தா அட்டெண்டர் வேலையும் போயிரும். மூணு பிள்ளைக."

நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருஷக் கோடையில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முப்பது வயது ஆள் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல், பிறகு கால் விழுந்தது, கை விழுந்தது, ஐந்தாம் நாள் இறந்துவிட்டார். வெறிநாய்க்கடி விஷம் சில சமயம் தண்ணீரைக் கண்டு பயப்படாமல் இப்படி முடக்குவாதமாகவும் வரும் என்று டாக்டருக்குச் சந்தேகம். நாய் கடித்ததா என்று கேட்டதற்கு வீட்டார் இல்லவே இல்லை என்றார்கள். ஒரு குட்டி நாய் இருந்தது, அதுவும் செத்துப்போனது, சும்மா விளையாட்டுக்குப் பல்லால் பிடிக்கும், அவ்வளவுதான். வேறு யாரையாவது பிடித்ததா என்றபோது, இறந்தவரின் மனைவியும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெறிநாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட வேண்டிய காலம் அது. உறுதியாகத் தெரியாமல் போட்டுக்கொள்ள மாட்டோம் என்று ஊருக்குப் போய்விட்டார்கள். மூளையை எடுக்க மட்டும் சம்மதித்தார்கள்.

அதே வாரம் இருதய நோயில் இறந்த, கிட்டத்தட்ட அதே வயதுள்ள இன்னொருவர் மூளையும் வந்தது. அது அளப்பதற்கு. இரண்டையும் அண்ணன்தான் எடுத்து, நூல் போட்டு, பக்கத்துப் பக்கத்து பக்கெட்டில் தொங்கவிட்டார்.

அந்த வாரம்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு நவீன காலம் வந்தது. டாக்டரின் கையெழுத்துச் சீட்டுகளால் குழப்பம் வருகிறது என்று நிர்வாகம் முடிவு செய்து, எல்லா லேபிளும் இனி டைப் அடித்துத்தான் என்று உத்தரவு போட்டது. ஆபீஸ் ஆள் ஒருவர் வந்து பழைய சீட்டுகளை ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டு, அழகான டைப் லேபிள்களை ஒட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். முழுசும் கெட்டிப்படக் காத்திருக்க நேரமில்லை, வெறிநாய்க்கடி தெரிகிற உள்பகுதியில் மட்டும் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த இரண்டு டாக்டர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

"உசிலம்பட்டி கேஸை எடுங்க வீரணன்."

அண்ணன் எடுத்து வைத்தார். டாக்டர் லேபிளைப் பார்த்தார்.

"இது இருதய கேஸ். மற்றதை எடுங்க."

"இல்லைங்கய்யா, இதுதான் அவரு."

"லேபிள் அப்படிச் சொல்லலையே."

"லேபிளை மாத்தி ஒட்டிட்டாகங்கய்யா."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "வீரணன் அவர்களே, அந்த லேபிளில் என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்ல முடியுமா?"

நான் படிக்க வாயெடுத்தேன். டாக்டர் என் பக்கம் பார்க்காமலே கையை உயர்த்தினார். அண்ணன் பக்கெட்டுக்கு முன்னால் குனிந்தார். டைப் எழுத்து எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே கருப்பு. அடையாளம் வைக்க ஒரு கிறுக்கல்கூட இல்லை. பதினாலு என்ற எண்ணை நாற்பத்தொன்று என்று படித்தார். பிறகு முதல் எழுத்தைச் சொன்னார், அதை மாற்றிச் சொன்னார், நிறுத்திவிட்டார். சின்ன டாக்டர்களில் ஒருவர் இருமுவது மாதிரிச் சிரித்தார்.

அண்ணன் நிமிர்ந்தார். "எனக்குப் படிக்க வராதுங்கய்யா. ஆனா இது அவரு மூளைதான். காதுக்கு மேல போற மடிப்பு கவட்டைக் குச்சி மாதிரி ரெண்டாப் பிரியும். நான் கையில வாங்கி நூல் போட்டப்பவே பாத்தேன். மத்தவருக்கு அப்படிக் கிடையாது."

"நல்லது" என்றார் டாக்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷமா ரெஜிஸ்டர் எழுதுறது யாரு?"

"நான்தான் டாக்டர்" என்றேன்.

"நல்லது" என்றார் மறுபடியும். ஒரே நாளில் இரண்டு நல்லது அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. "ரெண்டு மூளையிலிருந்தும் எடுப்போம். எழுத்து சரியா, வீரணன் சரியான்னு பார்த்துவிடுவோம்." அண்ணனைப் பொய்யாக்கத்தான் அப்படிச் சொன்னார். அந்தக் கோபம் வந்ததே நல்லதாகப் போயிற்று.

இரண்டு நாளில் சிலைடு போட்டேன். முதலில் பார்த்தது, உசிலம்பட்டி என்று லேபிள் சொன்னதை. நரம்புச் செல்கள் சுத்தமாக இருந்தன. அடுத்தது, இருதய கேஸ் என்று லேபிள் சொன்னதை. மைக்ராஸ்கோப்பைத் திருகியதும் செல்லுக்குள்ளே செக்கச் செவேலென்று உருண்டைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. வெறிநாய்க்கடிக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. லேபிளை நம்பியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு "பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதி அனுப்பியிருப்போம். என் கையெழுத்தில்தான்.

டாக்டர் பார்த்தார். "யாராவது அந்த ஊருக்குப் போகணும்" என்றார்.

"நான் போறேன்யா. எங்க ஊர்லருந்து ரெண்டு ஊரு தள்ளி" என்றார் அண்ணன். கையைக் கழுவிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். மறுநாள் அந்த மனைவியையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். குட்டி நாய் இரண்டு பேர் கையிலும் பல் பதித்திருந்தது. பதினாலு நாளும் திட்டிக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

பதினைந்தாம் நாள் அண்ணனுக்கு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. மூன்று பக்கம், இங்கிலீஷில், டைப் அடித்து. படிக்கத் தெரியாததை மறைத்து வேலை பார்த்ததற்காக ஏன் நீக்கக் கூடாது என்று ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். கீழே டாக்டர் சபேசன் கையெழுத்து. எனக்கும் ஒன்று வந்தது, அது எச்சரிக்கை மட்டும்.

"என்ன சொல்லுது தங்கச்சி?" என்று கேட்டார். படித்துச் சொன்னேன். "கவனக்குறைவு, சோம்பல்" என்று இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு என்னவோ ஆகிவிட்டது. லேப் அலமாரியில் இருந்த அந்த வெளிநாட்டுப் பத்திரிகையையும் கடிதத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அறைக் கதவைத் தட்டாமல் நான் போனது அந்த ஒரு தடவைதான்.

"டாக்டர், இதுல நல்ல புத்தின்னு போட்டிருக்கு. நல்ல கண்ணுன்னு போட்டிருக்கு. ஒழுங்கா பள்ளிக்கூடம் போனவர்னு போட்டிருக்கு. வீரணன் எட்டு வருஷம் போயிருக்கார். அவர் அண்ணனுக்கும் இப்படித்தானாம். நீங்க ஊரெல்லாம் தேடினீங்க. அவர் தட்டைப் பிடிச்சுக்கிட்டு உங்க பக்கத்துல நின்னார்."

டாக்டர் கடிதத்தைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை.

"நான் படிச்சவங்க மத்தியில தேடினேன்மா" என்றார்.

"ஆமா டாக்டர்."

"இவரைப் படிக்காதவர்னு நினைச்சேன்."

கடிதம் அன்றே திரும்பப் பெறப்பட்டது. அடுத்த வாரத்திலிருந்து அண்ணன் ஒரு பொக்கிஷம் ஆகிவிட்டார். டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் அவரை உட்காரவைத்து வார்த்தைப் பட்டியல் படிக்கச் சொன்னார், கட்டைகளை அடுக்கச் சொன்னார், உருவங்களை மனதில் திருப்பிப் பார்த்துச் சொல்லச் சொன்னார். படிப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அளவு. கட்டை அடுக்குவதில் டாக்டரையே தோற்கடித்தார். அதற்கும் டாக்டர் "நல்லது" என்றார், அது வேறு நல்லது. இதையெல்லாம் வைத்து வெளிநாட்டுப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிய கட்டுரை மட்டும் திரும்பி வந்தது. ஆள் உயிரோடிருக்கிறார், மூளையைப் பார்க்காமல் என்ன சொல்ல முடியும் என்று கேட்டிருந்தார்கள்.

டாக்டர் மென்று விழுங்கி ஒருநாள் கேட்டார். "வீரணன், உங்க காலத்துக்குப் பிறகு..."

"தாரேன்யா" என்றார் அண்ணன், முடிக்க விடவில்லை. "டெக்னீசியனா நிரந்தரம் பண்ணி விடுங்க. மூளையை எழுதித் தாரேன்."

விதியைத் திருத்த டாக்டர் நிர்வாகத்தோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வேலை நிரந்தரம், மூளை தானம், இரண்டு காகிதமும் ஒரே நாளில் வந்தன. "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார் ஆபீஸ் கிளார்க், பழக்க தோஷத்தில். அண்ணன் இரண்டையும் அதே மரியாதையோடு பார்த்துவிட்டுப் பாம்பை வரைந்தார். டாக்டர் அவரைவிட இருபது வயது மூத்தவர். "ஐயா, நான் முந்துனா உங்களுக்குக் கட்டுரை, நீங்க முந்துனா எனக்கு நிம்மதி" என்று சொன்னதற்கு டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

சொன்ன மாதிரி இரண்டும் நடக்கவில்லை. டாக்டர் ஓய்வு பெற்று வெளிநாட்டில் இருந்த மகனிடம் போய்விட்டார். அடுத்து வந்தவர்களுக்கு மூளை சேகரிப்பில் நாட்டமில்லை. லேபை மூடி அந்த இடத்தில் மருந்துக்கடை வைத்தார்கள். பக்கெட்டுகள் எல்லாம் போயின. என்னை முன்பக்கத்து ரத்தப் பரிசோதனைக்கு மாற்றினார்கள். அண்ணன் ஊருக்குப் போய் ஆடு வளர்த்தார். எண்பதுகள் முடிவதற்குள் ஒருநாள் காலையில் அவர் மகன் போன் செய்தான், அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று.

நான் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. வெயிலில் பந்தல். ஊர்ப் பெரியவர்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள், முகம் எல்லாம் கடுகடுவென்று. அண்ணன் மனைவி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வந்துட்டீகளா. காலையிலேயே தூக்கணும்னாக. நான்தான் விடலை. ஆசுபத்திரியில இருந்து வருவாக, எழுதிக் குடுத்திருக்கேன், அவுக வேலையை முடிச்சதுக்கப்புறம்தான் எடுக்கணும்னு சொல்லிருந்தாரு." என் பின்னால் பார்த்தார். "வண்டி எங்க?"

வண்டி இல்லை. பக்கெட் இல்லை, ஃபார்மலின் இல்லை, கேட்கிற ஆள் இந்த நாட்டிலேயே இல்லை. என் கையில் ஒரு மாலை மட்டும் இருந்தது. அண்ணன் தலைமாட்டில் பித்தளைப் பானையில் தண்ணீரும் ஒரு வெள்ளைத் துண்டும் தயாராக எடுத்து வைத்திருந்தார்கள், நாங்கள் கை கழுவ.

"எடுக்க வேண்டியதில்லைம்மா" என்றேன். "இருக்கும்போதே பாத்தாச்சு."

"அப்படியா?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் நின்ற பெரியவர்களுக்குக் கேட்காமல் கேட்டார். "அதுல என்னமோ குறையிருக்குன்னுதானே அம்புட்டு வருசமாத் தேடுனாக. என்ன இருந்துச்சு?"

மாலையை அண்ணன் மார்பில் வைத்தேன்.

"குறை ஒண்ணும் இல்லைம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பெரியவர்கள் பக்கம் திரும்பி, "தூக்குங்க" என்றார்.